யூதப் பகல்பள்ளியில் இஸ்ரேல்–பாலஸ்தீனப் பாடத்தை நடத்துவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

யூதப் பகல்பள்ளி என்பது யூத மறைநூலான தோரா, சமயச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத், எபிரேய மொழி ஆகியவற்றையும் கணிதம், அறிவியல், வரலாறு போன்ற பொதுப் பாடங்களையும் ஒரே கூரையின் கீழ் நடத்தும் முழுநேரப் பள்ளி. அங்கே பொதுப் பாடம் நடத்துவோரில் யூதரல்லாதவர் பலர் உண்டு. அமெரிக்காவில் அத்தகைய ஒரு பள்ளியில் வரலாறு நடத்தும் நானும் அவர்களில் ஒருவன். பத்தாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை ஒன்பது முறை நடத்தியிருக்கிறேன். புதிதாக வந்த ஆசிரியர் ஏழெட்டுப் பேர் இதே பாடத்தில் தடுக்கி விழுந்ததை அருகிலிருந்து பார்த்தும் இருக்கிறேன். அவர்களில் எவரும் வரலாறு தெரியாமல் விழவில்லை. எதை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில்தான் தவறினார்கள்.

கீழே உள்ள வரிசை எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று வகுப்பு, வகுப்புக்கு 45 நிமிடம் என்ற கணக்கில் அமைந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இதை அப்படியே இறக்கிவிட வேண்டாம். அவர்களுக்கு நான்காம் படியில் உள்ள நிலப்படப் பயிற்சியே ஓராண்டுக்குப் போதும்.

1. பள்ளியின் நிலைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள்

யூதப் பள்ளிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஆர்த்தடாக்ஸ் பள்ளி, கன்சர்வேடிவ் பள்ளி, ரிஃபார்ம் பள்ளி, எல்லாப் பிரிவினரும் சேர்ந்து நடத்தும் சமூகப் பள்ளி என்று பல உண்டு. இஸ்ரேல் அரசுக்காக வேண்டுதல் சொல்லும் பள்ளியும் இருக்கிறது. மெசியா வருமுன் யூதர்களுக்கு அரசு கூடாது என்று நம்பும் சத்மார் ஹசிதிய மரபினரின் பள்ளியும் இருக்கிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாமல் முதல் வகுப்புக்குள் நுழையாதீர்கள்.

தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகளுக்கு ஒரு பக்கத்தில் பதில் கேளுங்கள். இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர் என்ன அறிந்திருக்க வேண்டும்? அவர்களிடம் எந்தப் பற்று வளர வேண்டும் என்று பள்ளி விரும்புகிறது? எந்தக் கேள்வி எழுந்தால் ஆசிரியர் தனியே பதில் சொல்லாமல் சமயப் பாட ஆசிரியரையும் அழைக்க வேண்டும்? அறிவையும் பற்றையும் பிரித்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான சண்டைகள், நீங்கள் அறிவைக் கொடுக்கப் போகையில் பள்ளி பற்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதால் வருகின்றன. இரண்டுமே நியாயமான எதிர்பார்ப்புகள்தாம். ஆனால் எது யாருடைய வேலை என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நாட்காட்டியையும் அப்போதே பாருங்கள். எபிரேய நாட்காட்டியின் இய்யார் மாதம் 4ஆம் நாள் போரில் இறந்தோர் நினைவு நாள், 5ஆம் நாள் இஸ்ரேல் சுதந்திர நாள். இவை ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில் வரும்; சில ஆண்டுகளில் ஓரிரு நாள் மாற்றி வைப்பார்கள். பள்ளி முழுவதும் நீலமும் வெள்ளையுமாக இருக்கும் அந்த வாரத்தில் 1948 பாடத்தை வைத்தால், காலையில் பாடி ஆடிய பிள்ளைக்கு நண்பகலில் நீங்கள் விருந்தைக் கெடுக்க வந்தவராகத் தெரிவீர்கள். நான் இதை நவம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிக்கிறேன்.

2. பாடம் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புங்கள்

கடிதத்தில் விளக்கவுரை வேண்டாம். வாரவாரியாக எந்த ஆவணம் படிக்கப்படும் என்ற பட்டியலும், வீட்டில் எந்தச் செய்தி இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் போதும். அண்ணன் இஸ்ரேலியப் படையில் இருக்கலாம். பாட்டி பாக்தாதிலிருந்து ஒரே பெட்டியுடன் வந்தவராக இருக்கலாம். 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் உறவினரை இழந்த குடும்பமாக இருக்கலாம். இது தெரியாமல் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பிக் கருத்துக் கேட்பது கொடுமை.

புதியவர்கள் இந்தக் கடிதத்துக்குப் பயப்படுகிறார்கள், எதிர்ப்பை நாமே அழைப்பதாகிவிடும் என்று. முதல் ஆண்டு நானும் அனுப்பவில்லை. நான்காம் வாரத்தில் ஒரு மாணவனின் பையிலிருந்து ‘நக்பா’ (1948 போருக்குப் பாலஸ்தீனர் வைத்த பெயர்) என்று தலைப்பிட்ட தாள் மட்டும் வீட்டில் கண்டெடுக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த தாள்களை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை ஏழரை மணிக்கு அலுவலகத்தில் என்னை உட்கார வைத்தார்கள். முழுப் பட்டியலை முன்பே பார்த்த பெற்றோர் ஒற்றைத் தாளைக் கண்டு பதறுவதில்லை.

3. பெயர்களைப் பற்றி ஒரு விதி செய்யுங்கள்

ஒருவர் யூதேயா–சமாரியா என்பதை இன்னொருவர் மேற்குக் கரை என்கிறார். கோயில் மலை என்பதும் ஹரம் அல்-ஷரீஃப் என்பதும் ஒரே இடம். ஹெப்ரானுக்கு அரபியில் அல்-கலீல் என்று பெயர். 1948 போர் ஒருவருக்கு விடுதலைப் போர், மற்றவருக்குப் பேரழிவு எனப் பொருள்படும் நக்பா. நடுநிலையான சொல்லைத் தேடி ஒரு வகுப்பை வீணாக்காதீர்கள். பல இடங்களில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

என் விதி இது: ஆவணத்தைப் படிக்கும்போது ஆவணத்தின் சொல், ஆசிரியர் பேசும்போது முதல் முறை இரண்டு பெயரும், பிறகு பாடநூலில் உள்ள பெயர், மாணவர் தம் கருத்தைச் சொல்லும்போது அவர் விரும்பும் சொல். சுவரில் இதை ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு விவாதமும் பத்தாவது நிமிடத்தில் பொருளை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்ளும்.

4. நிலப்படத்தில் தொடங்குங்கள்

முதல் மூன்று வகுப்புகள் நிலப்படத்துக்கே. ஒவ்வொரு மாணவருக்கும் கடற்கரையும் யோர்தான் ஆறும் சாக்கடலும் மட்டும் வரைந்த ஒரு பெரிய தாள் கொடுங்கள். எல்லைக் கோடும் ஊர்ப் பெயரும் இருக்கக் கூடாது. கூடவே ஒளி ஊடுருவும் மெல்லிய தாள் மூன்று: 1947 ஐ.நா. பிரிவினைத் திட்டத்துக்கு ஒன்று, 1949 போர்நிறுத்தக் கோட்டுக்கு ஒன்று, 1967 ஜூன் போருக்குப் பின் இஸ்ரேல் வசம் வந்த பகுதிகளுக்கு ஒன்று. முதலில் தமக்குத் தெரிந்த ஊர்களை நினைவிலிருந்து குறிக்கச் சொல்லுங்கள். போய் வந்த இடம், உறவினர் வீடு, விவிலியத்தில் படித்த ஊர் எதுவானாலும் சரி. அதன் பிறகே தாள்களை ஒவ்வொன்றாக மேலே வைக்க வேண்டும்.

நிலப்படத்தில் தொடங்குவதன் காரணம் எளியது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நிலம் வேண்டுதலிலும் பாட்டிலும் மிக நெருக்கமாகத் தெரியும். மூன்று வேளையும் எருசலேமை நோக்கி நின்று வேண்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் பாலஸ்தீன நகரமான ரமல்லா எங்கே இருக்கிறது, எருசலேமிலிருந்து அது எத்தனை அருகில் இருக்கிறது என்றால் கை தயங்கும். தெரியாததைத் தாமே கண்டுகொள்வது ஒன்று. ‘உனக்குத் தெரியாது’ என்று நாம் சொல்வது வேறு.

ஒரு மாணவி எருசலேமுக்குத் தெற்கே எஃப்ராத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள். அது அவளுடைய அத்தை வீடு, ஒவ்வொரு கோடையும் போகிற வீடு. 1949 தாளை மேலே வைத்தபோது புள்ளி பச்சைக் கோட்டுக்கு அப்பால் நின்றது. தாளை எடுத்துவிட்டு, மூலைகளைச் சரிபார்த்து, மறுபடி வைத்தாள். புள்ளி நகரவில்லை. “இந்தக் கோட்டைப் போட்டது யார்?” என்று கேட்டாள். இதைவிட நல்ல தொடக்கக் கேள்வியை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. இஸ்ரேலும் யோர்தானும் 1949 ஏப்ரல் 3ஆம் நாள் ரோட்ஸ் தீவில் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின் கோடு அது; படத்தில் பச்சை நிறத்தில் வரையப்பட்டதால் பச்சைக் கோடு; பிற்கால எல்லைத் தீர்வுக்கு இது தடையாகாது என்று அந்த உடன்படிக்கையே சொல்கிறது. இந்த மூன்று தகவலையும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது தகவலை இரு தரப்பும் இன்றுவரை எப்படி எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஐந்தாம் வாரத்துக்கு உரியது.

இங்கே நான் செய்த தவறு ஒன்று உண்டு. நடைக்கூடத்தில் ஆறு முதல் கடல் வரை ஒரே நிறமடித்து, பச்சைக் கோடே இல்லாத பெரிய படம் ஒன்று தொங்கியது. அதைக் கழற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு மாதம் அந்தச் சச்சரவிலேயே போயிற்று. இப்போது அதைக் கழற்றச் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் மாணவர்களை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி, “இதில் என்ன இல்லை?” என்று மட்டும் கேட்கிறேன். ஒரே நிறமடித்த பாலஸ்தீனப் படங்களும் உண்டு. அவற்றில் டெல் அவீவ் இருக்காது. அடுத்த வகுப்பில் அதையும் அதே கேள்வியோடு காட்டுங்கள்.

5. யூத மரபுக்குள் இருக்கும் விவாதத்தை முதலில் படியுங்கள்

புதியவர் பலர் நிலப்படம் முடிந்ததும் நேரே பாலஸ்தீனர் தரப்புக்குத் தாவுகிறார்கள். அப்படிச் செய்தால், கேள்வி கேட்பவர் வெளியார், பதில் சொல்ல வேண்டியவர் நாம் என்ற அணிவகுப்பு வகுப்பில் உடனே உருவாகிவிடும். கேள்வி உள்ளேயே, வெகு காலமாக, இருந்து வருகிறது என்பதை முதலில் காட்டுங்கள்.

ராஷியிடமிருந்து தொடங்கலாம். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த உரையாசிரியர், ஆதியாகமத்தின் முதல் வரிக்கு எழுதிய உரையிலேயே, ‘நீங்கள் கொள்ளையர், ஏழு இனத்தாரின் நிலத்தைப் பிடித்தீர்கள்’ என்று உலகத்தார் சொன்னால் என்ன மறுமொழி என்று கேட்கிறார். பூமி முழுவதும் படைத்தவனுடையது. அவன் விருப்பப்படி அவர்களுக்குக் கொடுத்தான், அவன் விருப்பப்படி அவர்களிடமிருந்து எடுத்து நமக்குக் கொடுத்தான் என்பது மறுமொழி. மாணவர்கள் இந்த உரையைச் சிறு வயதிலேயே மனப்பாடமாக அறிந்திருப்பார்கள். ஆனால் விருப்பப்படி கொடுப்பவன் விருப்பப்படி எடுக்கவும் செய்வான் என்ற மறுபாதியில் பலர் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வகுப்பைச் சமயப் பாட ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். நீங்கள் யூதர் அல்லாதவர் என்றால் இது கட்டாயம்.

பிறகு நான்கு குரல்கள்: மக்கள் கூட்டமாக மதில்போல் எழுந்து அந்த நிலத்துக்குப் போகக் கூடாது என்ற ஆணையைச் சொல்லும் தால்முத்தின் கெத்துபோத் 111ஆம் ஏடு, 1891இல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அந்த நிலம் தரிசாகக் கிடப்பதாக வெளிநாட்டு யூதர்கள் நினைப்பது தவறு, விதைக்கப்படாத வயலைக் காண்பதே அரிது என்று எழுதிய எபிரேய எழுத்தாளர் அஹத் ஹாஆம், அரபு மக்கள் தம் நிலத்தை மனமுவந்து ஒருபோதும் விட்டுத்தரமாட்டார்கள், ஆகவே இரும்புச் சுவர் வேண்டும் என்று 1923இல் வாதிட்ட சியோனியத் தலைவர் ஜபோட்டின்ஸ்கி, இரு மக்களுக்கும் ஒரே அரசு என்று நின்ற தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபரும் எபிரேயப் பல்கலைக்கழகத்தை நடத்திய ஜூடா மாக்னஸும். இவற்றை ஹெவ்ருதா முறையில், இருவர் இருவராக உட்கார்ந்து உரக்கப் படித்து வாதிட விடுங்கள். அது அவர்களுக்குப் பழகிய முறை. நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதே இராது.

6. ஆவணங்களை மட்டும் மேசையில் வையுங்கள்

இரண்டு வாரம் நான்கு ஆவணங்கள்: 1917இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பால்ஃபர் பிரகடனம், 1947 நவம்பர் 29ஆம் நாளின் ஐ.நா. 181ஆம் தீர்மானம் (பிரிவினைத் திட்டம்), 1948 மே 14ஆம் நாளின் இஸ்ரேல் சுதந்திரப் பிரகடனம், 1988 நவம்பர் 15ஆம் நாள் அல்ஜியர்ஸில் அறிவிக்கப்பட்ட பாலஸ்தீனச் சுதந்திரப் பிரகடனம். நாளிதழ்க் கட்டுரைகளையும் காணொளிகளையும் இப்போது உள்ளே விடாதீர்கள். வந்துவிட்டால் பிள்ளைகள் ஆவணத்தை விட்டுவிட்டு, பேசுகிறவர் நம்மவரா என்பதை எடைபோடத் தொடங்கிவிடுவார்கள்.

பால்ஃபர் பிரகடனத்தின் மைய வாக்கியம் ஆங்கிலத்தில் 67 சொற்கள்தாம். ஒரு வகுப்பு முழுவதையும் அதற்குக் கொடுங்கள். யூத மக்களுக்கு ‘தேசிய இல்லம்’ என்கிறது. அரசு என்ற சொல் எங்கே? அங்கே அப்போது பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களை ‘ஏற்கெனவே உள்ள யூதரல்லாத சமூகங்கள்’ என்று மட்டும் சுட்டி, அவர்களின் குடிமை உரிமையையும் சமய உரிமையையும் காக்கிறது. அரசியல் உரிமை எங்கே? மாணவர்கள் இந்த இடைவெளிகளைத் தாமே கண்டுபிடிப்பார்கள்.

181ஆம் தீர்மானத்துக்கு ஆதரவு 33, எதிர்ப்பு 13, வாக்களிக்காதோர் 10. மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்கு ஏறக்குறைய 55 சதவீத நிலம் என்பதையும், அதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது இரு பக்கத்திலும் வழக்கம். எதிர்த்து வாக்களித்தவற்றில் இந்தியாவும் ஒன்று, தீர்மானத்துக்கு முன் பாலஸ்தீனச் சிக்கலை ஆராய்ந்த ஐ.நா. குழுவில் இருந்தபோது ஈரான், யூகோஸ்லாவியாவோடு சேர்ந்து கூட்டாட்சித் திட்டத்தை முன்வைத்ததும் இந்தியாதான். “உங்கள் நாடு என்ன சொன்னது?” என்று என்னிடம் கேட்பார்கள் என்பதால் இதை நான் முன்பே தயாராக வைத்திருக்கிறேன்.

1948, 1988 பிரகடனங்களை அருகருகே வைப்பது இந்த இரண்டு வாரத்தின் உச்சம். இரண்டும் அந்த நிலத்தில்தான் தம் மக்கள் உருவானார்கள் என்று தொடங்குகின்றன. இரண்டும் வெளியேற்றத்தைப் பேசுகின்றன. இரண்டும் 181ஆம் தீர்மானத்தைத் தம் சான்றாகக் காட்டுகின்றன. இரண்டும் குடிமக்களுக்குச் சமத்துவத்தை உறுதியளிக்கின்றன. ஒப்புமையைக் கண்டதும் வகுப்பு உருகிவிடும். அங்கேயே நிறுத்திவிடாமல், 1947இல் அரபுத் தலைமை நிராகரித்த தீர்மானம் 1988இல் சான்றாக வருவது ஏன், சமத்துவம் என்ற வாக்குறுதி இன்றைய இஸ்ரேலில் எவ்வளவு நிறைவேறியது என்ற இரண்டு கடினமான கேள்விகளையும் எழுப்புங்கள்.

7. 1948: நான்கு வகுப்புகள், இதே வரிசையில்

முதல் வகுப்பு இஸ்ரேலியர் நினைவில் உள்ள போர். பிரகடனத்துக்கு மறுநாள் எகிப்து, டிரான்ஸ்ஜோர்தான், சிரியா, லெபனான், ஈராக் படைகள் நுழைந்தன. போரில் இறந்த இஸ்ரேலியர் ஏறக்குறைய 6,000 பேர், அப்போதைய யூத மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்.

இரண்டாம் வகுப்பு பாலஸ்தீனர் நினைவில் உள்ள அதே போர். ஏறக்குறைய 7 லட்சம் பேர் அகதியானார்கள். 400க்கும் மேற்பட்ட ஊர்கள் வெறிச்சோடின. திரும்பி வர விரும்புவோரைப் பற்றிய 194ஆம் தீர்மானம் 1948 டிசம்பர் 11ஆம் நாள் நிறைவேறியது. வீட்டுச் சாவியைப் பேரப்பிள்ளைகள் இன்னும் வைத்திருப்பதைச் சொல்லுங்கள். இரண்டாயிரம் ஆண்டு ஒரு நகரத்தை மறக்காத மக்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சாவியை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வகுப்பு ‘எப்படி நடந்தது’ என்பது. அச்சத்தால் ஓடியவர்களும் உண்டு, படையால் வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. 1948 ஜூலையில் லித் (இன்றைய லோத்), ரம்லே நகரங்களில் நடந்தது வெளியேற்றம். 1980களில் இஸ்ரேலிய ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்ட பின் இதை விரிவாக எழுதியவர்களில் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர்களே முன்னணியில் இருந்தார்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். ஏப்ரல் 9ஆம் நாள் தெயிர் யாசீன் ஊரில் யூத ஆயுதக் குழுக்களான இர்குன், லேஹி படையினர் நூறுக்கும் மேற்பட்ட ஊராரைக் கொன்றதும், ஏப்ரல் 13ஆம் நாள் ஸ்கோபஸ் மலைக்குப் போன ஹதாஸா மருத்துவ வாகன வரிசை தாக்கப்பட்டு 70க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இந்த வகுப்பிலேயே வரட்டும்.

நான்காம் வகுப்பு அரபு நாடுகளிலிருந்து வந்த யூதர்கள். 1941 ஜூனில் பாக்தாதில் நடந்த ஃபர்ஹூத் படுகொலையும், 1950–51இல் ஈராக்கிய யூதர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விமானங்களில் இஸ்ரேல் சேர்ந்ததும், அவர்கள் விட்டுவந்த வீடுகளும் கடைகளும் இங்கே. இந்தப் பாடத்தை இரண்டாம் வகுப்புக்கு அடுத்ததாக வைக்கவே வைக்காதீர்கள். வைத்தால், ‘அவர்கள் 7 லட்சம், நாங்கள் இத்தனை லட்சம், கணக்கு நேர்’ என்று ஒரு மாணவர் நிச்சயம் சொல்வார். ஈராக்கியப் பாட்டியின் துயரம் ஹைஃபா அகதியின் துயரத்துக்கு எதிர்ப்பற்று எழுதும் கணக்குப் பதிவாகக் குறுகிவிடும். பாட்டிக்கும் அது மரியாதையில்லை.

தமிழ் ஆசிரியர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இந்த இடத்தில் ஈழத்தை எடுத்துக்காட்டாக இழுக்கும் ஆசை நமக்கு வரும். எனக்கு வந்தது, சொல்லியும் விட்டேன். ஈழத் தமிழர் யூதர்களைப் போன்றவர்களா, பாலஸ்தீனர்களைப் போன்றவர்களா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து 40 நிமிடம் வாதிட்டது. இரண்டு வரலாறுகளில் ஒன்றைக்கூட அன்று யாரும் கற்கவில்லை.

8. மறுதரப்பின் சொல்லை முதலில் சொல்ல வையுங்கள்

தால்முத்தின் எருவீன் 13ஆம் ஏட்டில் ஒரு செய்தி இருக்கிறது. பண்டைய யூத அறிஞர் மரபுகளான ஹில்லெல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் மூன்றாண்டு வாதிட்டன. இரண்டும் வாழும் இறைவனின் சொற்களே என்றாலும், சட்டம் ஹில்லெல் பள்ளியின்படி என்று முடிவாயிற்று. காரணம், அவர்கள் எதிர்ப்பள்ளியின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தம் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள். நான் இந்தப் பகுதியை ஏழாம் வாரத்தின் முதல் வகுப்பில் படிக்க வைத்து, அன்றிலிருந்து வகுப்பின் ஒரே சட்டமாக்குகிறேன்: தன் கருத்தைச் சொல்லுமுன், மாற்றுக் கருத்துடையவர் ‘ஆம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்பும்படி அதைச் சொல்ல வேண்டும்.

இதைப் பட்டிமன்றமாக்காதீர்கள், வெற்றி தோல்வி வந்துவிட்டால் ஒப்புதல் வராது. பாலஸ்தீனர் வேடம் போட்டு நடிக்கவும் வைக்காதீர்கள். ஒரு வகுப்பில் அப்படிச் செய்த புதிய ஆசிரியரைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் தலையில் துண்டும் கேலிக் குரலும் வந்துவிட்டன. பாலஸ்தீனர் ஒருவரின் எழுத்தை உரக்கப் படித்து, பின் புத்தகத்தை மூடிவிட்டு, தன் சொந்தக் குரலிலேயே சாரத்தைச் சொல்வது போதும்.

9. செய்தி வெடிக்கும் நாளில் பாடத்தை மூடுங்கள்

2023 அக்டோபர் 7 ஒரு சனிக்கிழமை. திருவிழாவும் சேர்ந்த நாள். கைபேசியைத் தொடாத ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் பலவற்றுக்கு ஞாயிறு இரவுதான் முழுச் செய்தி தெரிந்தது. ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஏறக்குறைய 250 பேர் பிணையாகக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். அடுத்து வகுப்பு கூடியபோது நான் எதையும் நடத்தவில்லை. பெயர் சொல்ல விரும்பியவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

பாடத்தை மூடுவது தற்காலிகமாகத்தான். காஸாவில் அதன் பின் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதையும் அதே வகுப்பு பேசியாக வேண்டும். அதற்கான நாளை அன்றே நாட்காட்டியில் குறித்து மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். நாள் குறிக்காத ஒத்திவைப்பு மறைப்பாகவே முடிகிறது.

10. கருத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்

இறுதித் தாள் மூன்று பகுதி. தான் ஏற்காத ஒரு நிலைப்பாட்டை அதன் உரிமையாளர் கையெழுத்திடும் அளவுக்கு எழுதுவதற்கு 40 மதிப்பெண். படித்த ஆவணங்களில் இரண்டை வரி சுட்டி விளக்குவதற்கு 40. வகுப்பில் மாற்றிக்கொண்ட அல்லது உறுதியான ஓர் எண்ணத்தை அது எப்படி ஆயிற்று என்று சொல்வதற்கு 20. இஸ்ரேலை நேசிக்கிறாயா என்ற கேள்வியும் வேண்டாம், குற்றம் சாட்டுகிறாயா என்ற கேள்வியும் வேண்டாம். இரண்டுக்கும் ஆசிரியர் விரும்பும் விடையைப் பிள்ளைகள் மூன்றாம் வாரத்திலேயே மோப்பம் பிடித்திருப்பார்கள்.

திருத்திய தாளை மாணவரிடம் காட்டிவிட்டு, மீண்டும் வாங்கி ஓர் உறையில் வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சிலர் ஓராண்டுப் படிப்புக்கு இஸ்ரேல் போவார்கள், சிலர் நேரே பல்கலைக்கழகம் போவார்கள். அதற்கு முந்தைய வாரம் உறையைத் திருப்பிக் கொடுக்கும்போது, பத்தாம் வகுப்பில் அவர்கள் புள்ளி வைத்த நிலப்படத்தையும் மூன்று மெல்லிய தாள்களையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.